31 பேருக்கு ஒரே மெசேஜ்

2023 ஜனவரியில் எங்கள் டீமை மொத்தமாகக் கலைத்தார்கள். காலை பத்து மணிக்கு ஒரு வீடியோ கால், பன்னிரண்டே நிமிஷம். மதியத்துக்குள் லேப்டாப் லாக் ஆகிவிட்டது. ஒன்பது வருஷம் அதே இடத்தில் டெக்னிக்கல் ரைட்டராக இருந்தேன். மென்பொருளை எப்படி நிறுவுவது, சிக்கல் வந்தால் எங்கே பார்ப்பது என்று கையேடு எழுதுவதுதான் என் வேலை. அன்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு, ரொம்ப நாள் கழித்து, வேலைத் தொடர்புகளுக்கான சமூக வலைத்தளமான லிங்க்ட்இன்னைத் திறந்தேன். ப்ரொஃபைலில் ஆறு வருஷத்துக்கு முந்தைய பதவி அப்படியே நின்றது. தொடர்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வந்த 63 ரிக்வெஸ்ட் தொடப்படாமல் கிடந்தன.

வேலை தேடுகிற நண்பர்கள் இந்த வருஷம் நிறைய பேர் என்னிடம் பேசினார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதில் பாதி நானே செய்த தப்பு. மீதி, இப்போது ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்து நான் பார்ப்பது.

அன்று ராத்திரி 31 பேருக்கு ஒரே மெசேஜை ஒட்டி ஒட்டி அனுப்பினேன். அது இதுதான்:

"வணக்கம். நலமா? பேசி ரொம்ப நாளாச்சு. என் வேலை போய்விட்டது. உங்கள் கம்பெனியில் ஏதாவது ஓப்பனிங் இருந்தால் சொல்லுங்கள். ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன். நன்றி."

மேலே பெயரை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். ஒருவருக்கு மாற்ற மறந்துவிட்டேன். அதற்கு முந்தைய ஆளின் பெயரிலேயே போய்விட்டது. லிங்க்ட்இன்னில் அனுப்பிய மெசேஜை ஒரு மணி நேரத்துக்குள் திருத்தலாம், அழிக்கலாம். நான் கவனித்தது மறுநாள் காலையில். அவர் படித்துவிட்டார் என்ற அடையாளமும் பக்கத்திலேயே தெரிந்தது.

31 பேரில் நான்கு பேர் பதில் போட்டார்கள். இரண்டு "பார்க்கிறேன்", ஒரு "ஸாரி", ஒரு கட்டைவிரல். மனிதர்கள் இப்படி மாறிவிட்டார்களே என்று அப்போது அழுதேன். இப்போது அந்த மெசேஜைத் திரும்ப எடுத்துப் படித்தால், பதில் போட்ட நால்வர்தான் பெரிய மனசுக்காரர்கள் என்று தோன்றுகிறது. நலமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த வரியிலேயே என் கதைக்குப் போயிருக்கிறேன். நான் யார், அவரோடு எந்த வேலையில் இருந்தேன் என்று ஒரு சொல் இல்லை. எல்லாவற்றையும்விட மோசம் அந்த "ஏதாவது ஓப்பனிங்". அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டுமென்றால் என் ரெஸ்யூமேயைத் திறந்து படிக்க வேண்டும், தன் கம்பெனியின் வேலைப் பட்டியலைத் துழாவ வேண்டும், எது எனக்குப் பொருந்தும் என்று யோசிக்க வேண்டும், யாரிடம் கேட்பது என்று தேட வேண்டும். நான் செய்ய வேண்டிய தேடலை மொத்தமாக அவர் தலையில் இறக்கி வைத்திருக்கிறேன். அவரவர் வேலைக்கு நடுவில் யார் செய்வார்கள்?

நான்கு நாள் கழித்து 32-வது மெசேஜை எழுதினேன். அது வேறு ஒரு நிறுவனத்தில் டெஸ்டராக, அதாவது மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பவராக, இருந்த ஒரு பெண்ணுக்கு. ஒரு ப்ராஜெக்ட்டில் மூன்றே வாரம் சேர்ந்து இருந்தோம். நெருக்கம் என்று சொல்ல முடியாது. அதனாலேயே பழைய மெசேஜை ஒட்ட முடியவில்லை. நான் யார் என்று முதலில் சொல்ல வேண்டியிருந்தது.

"நாம் மூன்று வாரம்தான் சேர்ந்து வேலை பார்த்தோம், உங்களுக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. இன்ஸ்டாலேஷன் கையேட்டில் ஏழாவது படியில் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். அதை மூன்று படியாகப் பிரித்து எழுதியது நான். இப்போது வேலை தேடுகிறேன். உங்கள் இடத்தில் கையேடு எழுதத் தனி டீம் இருக்கிறதா, டெவலப்பர்களே எழுதுகிறார்களா? அது மட்டும் தெரிந்தால் போதும்."

நாற்பது நிமிஷத்தில் பதில் வந்தது. "அந்த ஏழாவது ஸ்டெப்பை மறப்பேனா! இங்க டெவலப்பர்ஸ்தான் எழுதுறாங்க, படிக்கவே முடியல. எங்க மேனேஜர்கிட்ட உங்களைப் பத்திச் சொல்லட்டுமா?" ஐந்து வாரம் கழித்து அங்கேதான் சேர்ந்தேன்.

இது என் ஒருத்தியின் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தெரிந்தவர் மூலம் புது வேலைக்குப் போனவர்களிடம், தகவல் சொன்ன அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, அபூர்வமாக என்றவர்கள் 27.8. காரணம் யோசித்தால் புரிகிறது. நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். சற்றுத் தள்ளி இருப்பவர் வேறு வட்டத்தில் உலவுகிறார், அவர் காதில் வேறு செய்தி விழுகிறது. 2022-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இதை லிங்க்ட்இன்னிலேயே சோதித்தது. 'இவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று காட்டும் பகுதியை ஐந்து வருஷம், இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்தார்கள். வேலை மாறுவதற்கு அதிகம் உதவியது ஓரளவு தளர்வான தொடர்புகள். மிக நெருக்கமானவை குறைவாகவே உதவின. ஆனால் முன்பின் தெரியாத ஆட்களாகச் சேர்த்து எண்ணிக்கையைக் கூட்டினால் நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. தொடர்பு ரொம்பவும் மெலிந்துபோனால் பலனும் குறைந்துவிடுகிறது.

ஆகவே நண்பர்களே, கல்லூரியில் அடுத்த வகுப்பில் இருந்தவர், ஒரே ஒரு ப்ராஜெக்ட்டில் கூட வந்தவர், பயிற்சி வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரர், இவர்களை விட்டுவிடாதீர்கள். "அவங்களுக்கு என்னை ஞாபகம் இருக்காது" என்று நாம் நினைப்பதுதான் பெரிய தடை. ஞாபகம் வரும்படி ஒரு வரி எழுதினால் ஞாபகம் வந்துவிடும்.

ரிக்வெஸ்ட் அனுப்பும்போதும் இதே கதைதான். குறிப்பு எதுவும் இல்லாமல் வெறும் ரிக்வெஸ்ட் வந்தால், எதிரில் இருப்பவருக்குத் தெரிவது ஒரு பெயரும் ஒரு முகமும் மட்டும். இலவசக் கணக்கில் குறிப்போடு அனுப்ப மாதத்துக்குச் சில வாய்ப்புகளே தருகிறார்கள். அந்தச் சிலவற்றை யாருக்கு என்று யோசித்துச் செலவழியுங்கள். இரண்டு வரி போதும்: எங்கே சந்தித்தோம், அல்லது உங்கள் எந்த வேலையைப் பார்த்து எழுதுகிறேன். அவர் ஏற்றுக்கொண்ட அதே நிமிஷம் விற்பனைப் பேச்சையோ ரெஸ்யூமேயையோ தள்ளாதீர்கள். கதவைத் திறந்தவுடன் செருப்போடு உள்ளே வருவது மாதிரி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் மெயிலில் இருக்கும் முகவரிகளையெல்லாம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று தளம் கேட்கும். அவசரத்தில் சரி சரி என்று தட்டிக்கொண்டே போகாதீர்கள். என் தோழி அப்படித் தட்டியதில் அவள் பல் டாக்டர், பழைய வீட்டுக்காரர், மகனின் ஆசிரியை எல்லோருக்கும் அழைப்பு போய்விட்டது. இப்படி முகவரிகளை எடுத்து, பதில் வராதவர்களுக்குத் திரும்பத் திரும்ப நினைவூட்டல் மெயில் அனுப்பியதற்காக லிங்க்ட்இன் மீது அமெரிக்காவில் வழக்கே நடந்தது. 2015-ல் 1.3 கோடி டாலர் கொடுத்து அதைச் சமரசம் செய்துகொண்டார்கள். நினைவூட்டல் மெயிலில் இருப்பது நம் பெயர். எரிச்சலும் நம் மீதுதான் வரும்.

இனி ப்ரொஃபைல். போன வருஷம் என் பழைய டீமில் இருந்த ஒரு தம்பி, "அக்கா, நூத்தி இருபது இடத்துக்கு அப்ளை பண்ணிட்டேன், ஒரு கால்கூட வரல" என்றான். அவன் ப்ரொஃபைலை இரண்டு பேரும் சேர்ந்து திறந்தோம். பெயருக்குக் கீழே: 'பேஷனேட், டைனமிக், ரிசல்ட் ஓரியண்டட் புரொஃபஷனல். புதிய வாய்ப்புகளை எதிர்நோக்குகிறேன்.'

அவன் மென்பொருள் டெஸ்டர். அந்த வரியில் மென்பொருளும் இல்லை, டெஸ்டிங்கும் இல்லை. நான் ஆள் தேடும்போது திரையில் முதலில் தெரிவது படம், பெயர், அந்தத் தலைப்பு வரி. அவ்வளவுதான். உள்ளே போகலாமா வேண்டாமா என்று நான் முடிவு செய்வது அந்த ஒரு வரியை வைத்துத்தான். அதற்கு 220 எழுத்துக்குறிகள் வரை இடம் இருக்கிறது. தமிழில் எழுதினால் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். அப்படியும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம்.

"போன மாசம் என்னடா பண்ணின?" என்று கேட்டேன்.

"பெருசா ஒண்ணும் இல்லக்கா. ரெகுலர் டெஸ்டிங்தான்."

"அதுல ஒண்ணு சொல்லு."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான். சர்க்கரை நோயாளிகள் வீட்டில் எடுக்கும் அளவுகளைச் சேர்த்து டாக்டருக்கு அறிக்கை தரும் ஒரு மென்பொருள். ராத்திரி பன்னிரண்டு மணியை ஒட்டி, முன்னும் பின்னுமாக இரண்டு அளவு எடுத்தால், அறிக்கையில் இரண்டும் ஒரே நாளில் போய் விழுகிறது. யாரும் கவனிக்கவில்லை. இவன் சொந்த ஆர்வத்தில் நேரத்தை 11:58, 12:01 என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துப் பிடித்திருக்கிறான். அதற்குப் பிறகு தேதி மாறும் நேரத்துக்கென்றே நாற்பது சோதனைகளை எழுதி, ஒவ்வொரு ராத்திரியும் தானாக ஓடும்படி செய்திருக்கிறான்.

"இதை ஏன்டா எங்கயும் எழுதல?" என்றால், "இதெல்லாம் எழுதுவாங்களா அக்கா?" என்கிறான். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. இவ்வளவு நல்ல வேலைக்காரன், டைனமிக் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நூற்று இருபது இடத்தில் காணாமல் போயிருக்கிறான்.

ஆனால் அவன் சொன்னதை அப்படியே எழுதவும் முடியாது. யாருடைய மென்பொருள், அதில் என்ன குறை என்பது நிறுவனத்தின் ரகசியம். சேரும்போது கையெழுத்துப் போட்டிருக்கிறான். நான் இங்கே எழுதியதிலும் சில விவரங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். இதை நிறைய பேர் யோசிப்பதில்லை. வாடிக்கையாளர் பெயர், இன்னும் வெளிவராத பொருள், உள்ளே ஓடும் திரையின் படம் என்று பெருமையில் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு லைக் விழும். பின்னால் ஆள் எடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கோ, நாளைக்கு நம்மிடம் சேர்ந்தாலும் இப்படித்தானே செய்வார் என்ற பயம் வந்துவிடுகிறது. நாங்கள் கடைசியில் எழுதிய தலைப்பு: 'மருத்துவத் துறை மென்பொருள் டெஸ்டர். கையால் செய்யும் சோதனைகளை ஆட்டோமேஷனுக்கு மாற்றுகிறேன்.' அறிமுகப் பகுதியில், தேதி, நேரம் சார்ந்த பிழைகளைத் தேடிப் பிடிப்பதில் தனக்கு இருக்கும் ஆர்வம், அதற்காக எழுதிய சோதனைகள் எத்தனை, எந்தக் கருவியில் எழுதினான், இவ்வளவுதான். யார் ரகசியமும் வெளியே போகவில்லை. அந்தப் பகுதிக்கு 2,600 எழுத்துக்குறிகள் கொடுக்கிறார்கள். அவனுக்கு எட்டு வரி போதுமாக இருந்தது. முதல் சில வரிகள்தான் தட்டாமல் தெரியும் என்பதால் நல்லதை மேலே வைத்தோம்.

இந்த எட்டு வரியை ஏஐ-யிடம் கொடுத்து எழுதச் சொல்லியிருந்தால் மறுபடி பேஷனேட் வந்திருக்கும். 11:58-ஐயும் 12:01-ஐயும் பற்றி அதற்குத் தெரியாது. அவன் சொன்னால்தான் தெரியும். ஒரே அச்சில் வார்த்த மெசேஜ்கள் இப்போது ஒரு நாளைக்கு ஐந்தாறு எனக்கு வருகின்றன. எழுத்துப் பிழையோடு வந்தாலும் சொந்தமாக எழுதியதைத்தான் முதலில் திறக்கிறேன்.

ரெஸ்யூமேயில் ஒரு தேதி, ப்ரொஃபைலில் வேறு தேதி வேண்டாம். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன், எல்லோரும் பார்ப்பார்கள். நடுவில் ஒரு வருஷம் வேலை இல்லையென்றால் இல்லை என்றே இருக்கட்டும். மூடி மறைத்த இடைவெளிதான் சந்தேகத்தைக் கிளப்பும். படம் முகம் தெரிகிற மாதிரி இருந்தால் போதும்.

பரிந்துரை கேட்பதைப் பற்றி ஒன்று. "எனக்கு ஒரு ரெக்கமண்டேஷன் எழுதித் தர முடியுமா" என்று மொட்டையாகக் கேட்டால் எழுதுகிறவர் என்ன எழுதுவார்? நல்ல உழைப்பாளி, இனிமையாகப் பழகுபவர் என்று எழுதுவார். எந்த ப்ராஜெக்ட், எந்த நெருக்கடி, அதில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நினைவுபடுத்திக் கேளுங்கள். அதைப் பற்றி எழுத அவருக்கு விருப்பமா என்றும் கேளுங்கள்.

வேலையில் இருந்துகொண்டே வேறு வேலை தேடுபவர்கள் கவனிக்க வேண்டியது, வேலை தேடுகிறேன் என்று காட்டும் 'ஓப்பன் டு வொர்க்' வசதி. எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். ரெக்ரூட்டர்களுக்கு, அதாவது ஆள் தேடுவதையே வேலையாகச் செய்பவர்களுக்கு, மட்டும் என்றும் வைக்கலாம். நம் சொந்த நிறுவனத்து ரெக்ரூட்டர்களுக்குக் காட்டாமலிருக்க முயல்வார்கள். ஆனால் முழு ரகசியத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று தளமே சொல்கிறது. என்னுடன் இருந்த ஒருவர் அதை நம்பிப் போட்டார், இரண்டாம் வாரம் அவர் மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். வேலை போன பிறகு பச்சை வளையம் போடுவதில் எந்த வெட்கமும் வேண்டாம். எனக்கு அந்த வளையம் தெரிந்தால், இவருக்கு எழுதினால் நிச்சயம் பதில் வரும் என்ற நிம்மதிதான் வருகிறது.

நாம் யார் ப்ரொஃபைலைப் பார்த்தோம் என்பதும் வழக்கமாக அவர்களுக்குத் தெரியும். பிடிக்கவில்லையென்றால் நம் பெயர் தெரியாத பிரைவேட் மோடில் பார்க்கலாம். இலவசக் கணக்கில் அப்படிப் பார்க்கும்வரை நம்மை யார் பார்த்தார்கள் என்பது நமக்கும் தெரியாது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2012-ல் லிங்க்ட்இன்னிலிருந்து பாஸ்வேர்டுகள் திருட்டுப் போயின. முதலில் 65 லட்சம் என்றார்கள். 2016-ல்தான் பத்துக் கோடிக்கு மேல் என்று தெரிந்தது. அதே பாஸ்வேர்டை மெயிலுக்கும் வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம். இதைவிட நம்மைப் போன்றவர்களுக்கு ஆபத்து, வேலை தருகிறேன் என்று வரும் போலி மெசேஜ். 2022-ல் ரோனின் என்ற கிரிப்டோ (டிஜிட்டல் நாணய) வலையமைப்பிலிருந்து 60 கோடி டாலருக்கு மேல் கொள்ளை போனது. அதன் தொடக்கம், ஒரு பொறியாளருக்கு லிங்க்ட்இன் வழியாக வந்த போலி வேலை வாய்ப்பு என்று பிறகு செய்தி வந்தது. நேர்காணலெல்லாம் நடத்தி, ஆஃபர் என்று ஒரு பிடிஎஃப் அனுப்பியிருக்கிறார்கள். திறந்தவர் தேர்ந்த பொறியாளர். வேலை போன மூன்றாவது மாதத்தில் நல்ல சம்பளத்தோடு ஒரு மெசேஜ் வந்தால் யாருக்கும் கை பரபரக்கும். அந்த நேரத்தில்தான் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பணம் கேட்டால், எதையாவது இறக்கி நிறுவச் சொன்னால், உடனே வாட்ஸ்அப்புக்கு வா என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கோபத்தில் எழுதிய ஒன்றையும் சொல்ல வேண்டும். டீம் கலைந்த மறுநாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு போஸ்ட் போட்டேன். பெயர் சொல்லவில்லை, ஆனால் எந்த மேனேஜர் என்று உள்ளே இருப்பவர்களுக்குப் புரியும். காலையில் அழித்துவிட்டேன், அதற்குள் ஸ்க்ரீன்ஷாட் சுற்றிவிட்டது. இரண்டு வாரத்தில் அந்த மேனேஜரையும் அனுப்பிவிட்டார்கள். எங்கள் பட்டியலை அவர் போடவில்லை என்பதும், எங்களில் இரண்டு பேரைக் காப்பாற்ற அவர் சண்டை போட்டார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நான் போனில் மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா, அந்த நேரத்துல யாருக்குத்தான் கோபம் வராது" என்றார். அநியாயம் நடந்தால் பேசக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ராத்திரி எனக்கு முழு விவரம் தெரியாது, அதுதான் என் தப்பு.

வேலை கிடைத்து ஆறு மாதம் ஆன பிறகு அந்த 31 பேர் பட்டியலை எடுத்தேன். ஒவ்வொருவர் ப்ரொஃபைலையும் முதலில் படித்தேன். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு இரண்டு பேராக எழுதினேன். எதுவும் கேட்கவில்லை, சேர்ந்து செய்த வேலையில் ஒன்றை நினைவுபடுத்தி, இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும். பத்தொன்பது பேர் பதில் எழுதினார்கள்.

வேறொருவர் பெயரில் மெசேஜ் அனுப்பினேனே, அவருக்கு எழுதத்தான் ரொம்ப நாள் ஆனது. அவர் ப்ரொஃபைலைத் திறந்தபோது, கடைசி வேலைக்கு எதிரே 'டிசம்பர் 2022' என்று முடிவுத் தேதி இருந்தது. நான் அவருக்கு எழுதியது 2023 ஜனவரியில். உங்கள் கம்பெனியில் ஓப்பனிங் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அன்று சாயங்காலமே பதில் வந்தது. "பரவாயில்லைங்க. அப்ப நானே யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன். அதான் என்ன பதில் போடறதுன்னு தெரியல. இப்பவும் ஃப்ரீலான்ஸ்தான் பண்ணிட்டிருக்கேன். உங்க டீம்ல டேட்டா மைக்ரேஷன் யார் பாக்குறாங்க?"

யார் பார்க்கிறார்கள் என்று அவருக்கு எழுதினேன். திங்கட்கிழமை இரண்டு பேரையும் ஒரே மெசேஜில் அறிமுகப்படுத்தி வைத்தேன். அனுப்புவதற்கு முன் அவர் பெயரை இரண்டு முறை சரிபார்த்தேன்.